சம்மர் வார்ஸ்: அந்தக் குடும்பம் வெறும் பின்னணிதானா?

வாசகர் கேள்வி, 11 மே 2024

"மமோரு ஹொசோதாவின் 'சம்மர் வார்ஸ்' (2009) என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை இப்போதுதான் பார்த்தேன். கணினி உலகத்தில் நடக்கும் சண்டைகள் அருமை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட உறவினர்களை ஏன் ஒரே வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்? யார் யாருக்கு என்ன முறை என்பது கடைசிவரை பிடிபடவில்லை. அவர்களை எடுத்துவிட்டால் கதை பாதி நேரத்தில் விறுவிறுப்பாக முடிந்திருக்கும். குடும்பம் இதில் வெறும் பின்னணிதானே?"

11 மே 2024, இரவு

குடும்பத்தை எடுத்துவிட்ட அந்தப் படம் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்தவரும் ஹொசோதாதான். 2000-இல் தோயெய் நிறுவனத்துக்காக அவர் இயக்கிய டிஜிமான் படம் ஏறத்தாழ 40 நிமிடமே ஓடும். இணையத்துக்குள் ஒரு தீய உயிரி பிறக்கிறது, கண்ணில் பட்ட தரவையெல்லாம் தின்று வளர்கிறது, கடைசியில் ஏவுகணையைக் கையில் எடுத்துக்கொள்கிறது. சிறுவர்கள் கணினி வழியாக அதை எதிர்த்துப் போராடுகிறார்கள், உலகெங்கும் இருக்கும் பிள்ளைகள் மின்னஞ்சல் அனுப்பி உதவுகிறார்கள். அந்தப் படத்திலும் இரண்டு சிறுவர்கள் ஷிமானே மாவட்டத்தில் பாட்டி ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே அவர்களுக்கு வேண்டியது ஒரு கணினி மட்டுமே, அது முடிதிருத்தகத்தில் கிடைத்துவிடுகிறது. பாட்டிக்குக் கதையில் வேலை இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய அதே கதையை அதே இயக்குநர் மறுபடியும் எடுக்கிறார். இம்முறை பாட்டி நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு படங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்தக் குடும்பம்தான் என்னும்போது அதை எப்படிப் பின்னணி என்று சொல்வது? இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

12 மே 2024, காலை

படம் பார்க்காதவர்கள் சிலரும் இங்கே வந்திருப்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்ஜி கணிதத்தில் கெட்டிக்காரன், பள்ளி மாணவன், கூச்ச சுபாவம் உள்ளவன். கணித ஒலிம்பியாடுக்கு ஜப்பானின் சார்பில் போகும் வாய்ப்பை மயிரிழையில் தவறவிட்டவன். அவனுக்கு மேல் வகுப்பில் படிக்கும் நத்ஸுகி என்ற பெண், கோடை விடுமுறையில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி அவனை நாகானோ மாவட்டத்தின் உயெதா நகருக்கு அழைத்துப் போகிறாள். அங்கே போன பிறகுதான் வேலை என்னவென்று தெரிகிறது: 90-ஆவது பிறந்தநாளைக் கொண்டாடவிருக்கும் பாட்டி சகாயே முன்னால் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையாக நடிக்க வேண்டும். அன்றிரவு அவன் கைப்பேசிக்கு 2056 இலக்கங்கள் கொண்ட ஒரு சங்கேதப் புதிர் வருகிறது. கணக்கு என்று கண்டதும் அவனால் சும்மா இருக்க முடிவதில்லை, விடிய விடியப் போட்டு விடையை அனுப்பிவிடுகிறான். மறுநாள், அன்றாட வேலைகள் பலவும் நடக்கும் 'ஓஸ்' என்ற மெய்நிகர் உலகம் உடைக்கப்பட்டிருக்கிறது, தொலைக்காட்சிச் செய்தியில் குற்றவாளியாக அவன் படம் ஓடுகிறது, அதைக் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிறது.

பொய் மாப்பிள்ளை, பிரபஞ்ச நெருக்கடி, சாப்பாட்டு நேரம், மூன்றும் ஒரே கூடத்தில் நடக்கின்றன. படத்தின் நகைச்சுவை முழுக்க இந்த நெரிசலிலிருந்து பிறக்கிறது. தனியாகச் சிரிப்பு மூட்ட என்று ஒரு பாத்திரத்தைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

12 மே 2024, பிற்பகல்

"யார் யாருக்கு என்ன முறை என்று பிடிபடவில்லை" என்பதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். நாம் கென்ஜியின் இடத்தில் இருக்கிறோம் என்பதால் அது பிடிபடக் கூடாது. அவன் ஒற்றைப் பிள்ளை. தந்தை வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறார், தாய்க்கும் வேலை ஓய்வதில்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வளராத ஒருவன், நீண்ட மேசையின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் அவனிடம் கேள்வி கேட்கும்போது எப்படித் திகைப்பானோ அப்படித்தான் நாமும் திகைக்கிறோம்.

இது ஹொசோதாவின் சொந்த அனுபவமும்கூட. அவரும் உடன்பிறப்பு இல்லாமல் வளர்ந்தவர். அவர் மனைவியின் ஊர் உயெதா. திருமணத்தை ஒட்டி அந்தப் பெரிய குடும்பத்தைச் சந்தித்த அனுபவம்தான் இந்தக் கதைக்கு விதை என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டுக்கு முதல்முறை போன மாப்பிள்ளையின் கலக்கத்தை அறிவியல் புனைகதையாக எடுக்கத் துணிந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். திரைக்கதை சதோகோ ஒகுதெரா, பாத்திர வடிவமைப்பு யோஷியுகி சதாமொத்தோ, தயாரித்த ஸ்டூடியோ மேட்ஹவுஸ். 2006-இல் வந்த அவருடைய முந்தைய படத்திலும் இதே கூட்டணிதான்.

14 மே 2024, இரவு

பனிக்கட்டிக் காட்சியைப் பற்றி எழுத வேண்டும். இந்தப் படத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது.

பாட்டி இறந்துவிடுகிறார். அவருடைய இதயத்துடிப்பைக் கண்காணித்து வந்த கருவி ஓஸ் வழியாக இயங்கியது. ஓஸ் குலைந்திருந்ததால் எச்சரிக்கை வரவில்லை. மருத்துவரான மகன் மன்ஸாகு மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்துகிறார். அதற்குப் பிறகு வரும் காட்சியில் கேமரா பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, திண்ணையில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் உறவினர்களைக் கடந்து போகிறது. யாரும் பேசுவதில்லை. நத்ஸுகி கென்ஜியிடம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். அவனுக்கு அவளுடைய சுண்டுவிரலைப் பிடிக்கத்தான் தைரியம் வருகிறது.

இதற்குப் பிறகு வீடு இரண்டாகப் பிரிகிறது. பெண்கள் இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளில் இறங்குகிறார்கள். ஆண்கள், மீனவரான மன்ஸுகே தலைமையில், ஓஸைக் குலைத்துப் பாட்டியின் சாவுக்குக் காரணமான லவ் மெஷின் என்ற செயற்கை நுண்ணறிவைப் பழிவாங்கக் கிளம்புகிறார்கள். மின்சாமான் கடை வைத்திருக்கும் தஸுகே ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வீட்டுக்குள் இறக்குகிறார். மன்ஸுகே கணவாய் பிடிக்கும் படகையே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார். தற்காப்புப் படையில் இருக்கும் ரீச்சி, எங்கிருந்து எடுத்து வந்தேன் என்று சொல்லாமல், ராணுவ அலைவாங்கி வண்டியை ஓட்டி வருகிறார். கணினி சூடாகாமல் இருக்க அதைச் சுற்றிப் பெரிய பெரிய பனிக்கட்டிப் பாளங்களை அடுக்குகிறார்கள்.

பொறி வேலை செய்கிறது, எதிரி அகப்பட்டுக்கொள்கிறான். வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் கணினி திணறி நின்றுவிடுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் பனிக்கட்டியைக் காணோம். போலீஸ்காரனான ஷோத்தா அதை எடுத்துப்போய்ப் பாட்டியைக் கிடத்தியிருக்கும் அறையில் வைத்திருக்கிறான். கோடை வெயிலில் பாட்டியின் உடல் கெடக் கூடாது என்று அவன் செய்தது அது.

இந்த இடத்தில் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் பார்வையாளர் தடுமாறுகிறார். கதையின்படி ஷோத்தா செய்தது உலகத்தையே ஆபத்தில் தள்ளிய காரியம். ஆனால் ஒரு பேரன் செய்ய வேண்டியதைத்தான் அவன் செய்தான். அவனை அயோக்கியனாகவோ மடையனாகவோ காட்டி நம் வேலையை எளிதாக்க இயக்குநர் மறுத்துவிடுகிறார்.

இதை அசைபோட்டதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் தாத்தா காலமானது கத்திரி வெயிலில். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். மின்தடை வந்துவிட்டதால் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்தோம். துட்டிக்கு வந்தவர்களுக்கு முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை என்று என் சித்தப்பா பம்பு மோட்டாரைப் போடுவதற்காக ஐஸ் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். இரண்டு பேரும் தங்கள் அப்பாவுக்காகவே சண்டை போட்டார்கள், இரண்டு பேர் சொன்னதும் நியாயம். துக்க வீட்டில் இப்படித்தான் நடக்கும் என்பது ஹொசோதாவுக்குத் தெரிந்திருக்கிறது.

15 மே 2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்தக் குடும்பத்தின் போர்ப் பெருமை எதற்கு?" கதையில் வரும் ஜின்னோஉச்சி குலம் கற்பனை. ஆனால் அதன் பின்னால் உயெதாவை ஆண்ட உண்மையான சனாதா குலம் இருக்கிறது. உயெதா கோட்டையில் இருந்துகொண்டு, 1585-இலும் 1600-இலும் தங்களைவிடப் பல மடங்கு பெரிய தொகுகாவா படையைத் திணறடித்தவர்கள் அவர்கள். 1600-இல் அங்கே நேரத்தை இழந்ததால் அந்தப் படையோடு வந்த தொகுகாவா ஹிததாதா, ஜப்பானின் ஆட்சி யாருக்கு என்று தீர்மானித்த செகிகஹாரா போருக்கே வந்து சேர முடியவில்லை. எதிரியை உள்ளே வரவிட்டு மடக்கும் உத்தியை மன்ஸுகே கதையாகச் சொல்வதும், அதே உத்தியை ஓஸுக்குள் ஒரு கோட்டையைக் கட்டிச் செயல்படுத்துவதும் இந்த வரலாற்றை வைத்துத்தான்.

குடும்பப் பெருமை பேசும் பெரியவர்களைப் படம் சற்றுக் கேலியாகவே காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். தோற்ற சண்டைகளையும் அவர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள்.

18 மே 2024, காலை

தொலைபேசிக் காட்சியைப் பற்றி முரண்பட்ட கருத்துகள் வந்திருக்கின்றன. நானும் இரண்டு மனத்தோடு இருக்கிறேன்.

ஓஸ் குலைந்ததும் நாடு முழுக்கப் போக்குவரத்து விளக்குகள் குழம்புகின்றன, தீயணைப்பு நிலையங்களுக்குப் பொய் அழைப்புகள் குவிகின்றன. சகாயே பழைய கடிதங்களையும் முகவரிக் குறிப்புகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, சுழற்றி எண் போடும் கறுப்புத் தொலைபேசியை எடுத்து, ஒவ்வொருவராக அழைக்கிறார். உயர் அதிகாரிகளை மிரட்டுகிறார், பேரன்களைத் தட்டிக்கொடுக்கிறார், உன்னால் முடியும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஒரு வாசகர் எழுதியிருப்பது இது: "மேல்மட்டத்தில் ஆள் தெரிந்த குடும்பத்துக்குத்தான் இது முடியும். சாதாரணக் கிழவி யாரை அழைப்பாள்?" இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியவில்லை. அது பதினாறு தலைமுறை கண்ட பெரிய வீடு. கோட்டை வாசல் போன்ற நுழைவாயில், குன்றின் மேல் மாளிகை, சுவரில் போர்க்கவசம். எளியவர்களின் குடும்பத்தைப் பற்றிய படமாக இதைக் கொண்டாட முடியாது.

18 மே 2024, இரவு

அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சகாயே யாரிடமும் சலுகை கேட்பதில்லை. தன் வீட்டுக்கு இதைச் செய், என் பேரனைக் காப்பாற்று என்ற பேச்சே இல்லை. அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறார். மன்ஸாகுவின் மகன்கள் மூன்று பேரும் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்புப் பணிகளில் இருப்பவர்கள். பாட்டி அமைச்சரகத்தைத் தட்டி எழுப்புகிற அதே குரலில்தான் அவர்களிடமும் பேசுகிறார்.

செல்வாக்கு என்பது மறுக்க முடியாதது. ஆனாலும் கதை அந்தச் செல்வாக்கை வைத்துக் கடைசிப் போரை வெல்லவில்லை என்பதுதான் முக்கியம். பாட்டி இறந்த பிறகு அந்தக் கறுப்புத் தொலைபேசியால் ஒன்றும் நடப்பதில்லை. நத்ஸுகி லவ் மெஷினோடு ஆடும் சீட்டாட்டத்தில் தன் குடும்பத்தின் ஓஸ் கணக்குகளைப் பந்தயம் வைத்துத் தோற்றுக்கொண்டே வந்து, கையிருப்பு தீரும் கட்டத்தில், முன்பின் தெரியாத ஒரு ஜெர்மானியச் சிறுவன் தன் கணக்கைத் தருகிறேன் என்று வருகிறான். அவனுக்குப் பின்னால் உலகெங்கிலுமிருந்து 15 கோடிப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ஜின்னோஉச்சி என்ற பெயரே தெரியாது.

19 மே 2024

"பெண்கள் சமைக்கிறார்கள், ஆண்கள் உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள்" என்ற விமர்சனம். உண்மைதான். மருமகள்கள் பெரும்பாலும் அடுப்படியிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனித்த குணச்சித்திரம் குறைவு. குடும்பத் தலைவர் பெண், கடைசி ஆட்டம் ஆடுபவள் பெண் என்று பதில் சொல்லி இதைச் சமன்செய்துவிட முடியாது. ஒரு வீட்டில் பாட்டிக்கு அதிகாரம் இருப்பதாலேயே மருமகள் கையிலிருந்து கரண்டி இறங்கிவிடுவதில்லை. இவ்வளவு கூர்மையாகக் குடும்பத்தைப் பார்த்த இயக்குநர் இதை ஏன் பார்க்காமல் விட்டார் என்ற வருத்தம் எனக்கு உண்டு. 2018-இல் வந்த 'மிராய்' படத்தில் வேலைக்குப் போகும் மனைவியையும் வீட்டிலிருந்து குழந்தையோடு மல்லாடும் கணவனையும் அவர் வைத்தது, இந்தக் கேள்வியை அவரும் யோசித்திருக்கிறார் என்று நினைக்க வைக்கிறது.

20 மே 2024

சிறு குறிப்பு. உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது வீட்டிலுள்ள தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருக்கிறாரே யுமி, அவருடைய மகன் ரியோஹேய்தான் அந்த உள்ளூர் அணியின் பந்துவீச்சாளன். அந்தத் தாய்க்கு அதுதான் உலகம். ஆட்டத்தின் ஏற்ற இறக்கமும் போரின் ஏற்ற இறக்கமும் கூடவே நகர்கின்றன. அடுத்தமுறை பார்க்கும்போது தொலைக்காட்சியின் பக்கம் ஒரு கண் வையுங்கள்.

24 மே 2024, இரவு

வபிஸுகேவைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது.

அவன் சகாயேவின் கணவருக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்தவன். சகாயே அவனைத் தன் மகனாக ஏற்று வளர்த்தார். அவன் குடும்பச் சொத்தை விற்றுக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டு, பத்தாண்டுகள் கழித்து அழைக்காமல் திரும்பி வருகிறான். லவ் மெஷினை உருவாக்கியவன் அவன்தான் என்பது சாப்பாட்டு மேசையில் தெரியவருகிறது. அமெரிக்க ராணுவம் அதைச் சோதனைக்காக வெளியே விட்டது, தான் நிரலை எழுதியதோடு சரி என்று அவன் வாதிடுகிறான். சகாயே எழுந்துபோய்ச் சுவரிலிருந்து நீண்ட பிடி கொண்ட நாகினாத்தா என்ற ஆயுதத்தை உருவிக்கொண்டு வந்து அவன் மேல் பாய்கிறார்.

படத்தின் அறிவியல் புனைவுப் பகுதியும் குடும்பப் பகுதியும் ஒன்றாகக் கலக்கும் இடம் இது. கருவியைச் செய்தவன் அதன் விளைவுக்குப் பொறுப்பா என்பதை ஒரு விசாரணைக் குழு கேட்டிருந்தால் அவன் தப்பித்திருப்பான், சட்டப்படி அவனிடம் விடை இருக்கிறது. வளர்த்தவள் கேட்கும்போது விடை இல்லை. பாட்டி பெருமைப்படுவாள் என்று நம்பித்தான் அவன் வந்தான் என்பது அந்தக் காட்சியை இன்னும் தாங்க முடியாததாக்குகிறது.

பிறகு பாட்டியின் கடிதம். வபிஸுகே என்றாவது திரும்பி வந்தால் பசியோடு வருவான், வயிறார அவனுக்குச் சாப்பாடு போடுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பசியோடு இருப்பதும் தனியாக இருப்பதும்தான் மனிதருக்கு வரும் மிகப் பெரிய கேடு என்பது அந்தக் கடிதத்தின் சாரம். செய்தி கேட்டுக் காரை ஓட்டி வந்து, சுவரில் மோதி, வீட்டுக்குள் ஓடி வருகிறான் அவன். லவ் மெஷின் திசைதிருப்பிய விண்கலம் ஒன்று அணு உலையின் மேல் விழப்போகிறது, மணித்துளிகள் குறைந்துகொண்டிருக்கின்றன. அந்தக் குடும்பம் முதலில் செய்யும் காரியம் என்ன? மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறது. வபிஸுகேவும் சாப்பிடுகிறான். யாரும் அவனை மன்னித்தேன் என்று சொல்வதில்லை. சோற்றைப் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் கேள்வியை எழுதியவருக்கு நான் சொல்ல விரும்பியது இந்தக் காட்சியைத்தான். விண்கலக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அது வீணான நேரம், வெட்டியிருக்கலாம். ஆனால் கென்ஜியும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பொய்யாகச் சொல்லி அழைத்துவரப்பட்டவனுக்கும் சொத்தை விற்று ஓடியவனுக்கும் அங்கே ஒரே பந்திதான். இந்த வீட்டில் இடம் கிடைக்க ரத்த உறவு போதவும் இல்லை, அது தேவைப்படவும் இல்லை.

26 மே 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் வபிஸுகேவின் குற்றத்தைச் சோறு கழுவிவிட்டதா?" அப்படி நான் நினைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவன் கணினி முன் உட்கார்ந்து தான் எழுதியதைத் தானே பிரித்துப்போடும் வேலையில் இறங்குகிறான். சோறு அவனை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது. கென்ஜிக்கும் இதில் பங்குண்டு: ஓஸை உடைத்தது தன் விடைதான் என்று நினைத்து அவன் படம் முழுக்கக் குறுகிப்போயிருக்கிறான், ஆனால் அவன் அனுப்பிய விடையில் ஓரிலக்கம் பிழை என்றும், சரியான விடையை அனுப்பியவர்கள் வேறு 55 பேர் என்றும் பின்னால் தெரிகிறது. அது தெரிந்த பிறகும் அவன் ஒதுங்கிப் போவதில்லை. தன் தவறு இல்லாதபோதும் நின்று வேலை செய்கிறவன் பக்கத்தில், தன் தவறு என்று தெரிந்தவனும் வந்து உட்காருகிறான்.

2 ஜூன் 2024

குழந்தைகளோடு பார்க்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். பாட்டியின் மறைவு நிதானமாகக் காட்டப்படுகிறது. ஆனாலும் வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாகினாத்தாக் காட்சியில் யாருக்கும் காயம் இல்லை.

பார்ப்பதற்கு முன் படத்தில் வரும் கோய்-கோய் என்ற ஜப்பானியச் சீட்டாட்டத்தின் விதியைச் சொல்லிக்கொடுத்தால் கடைசி அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிபடும். அதை ஆடும் ஹனஃபூடா என்ற சீட்டுக்கட்டில் 48 சீட்டுகள். 12 மாதங்களுக்கு மாதத்துக்கு நான்காகப் பூவும் செடியும் வரைந்திருக்கும். கையிலுள்ள சீட்டை அதே மாதச் சீட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். குறிப்பிட்ட சேர்க்கை அமைந்தால் அத்துடன் நிறுத்திப் புள்ளியை வாங்கிக்கொள்ளலாம், அல்லது "கோய்-கோய்" என்று சொல்லி ஆட்டத்தைத் தொடரலாம். தொடர்ந்தால் புள்ளி கூடலாம். எதிராளி அடுத்த சேர்க்கையை முதலில் அமைத்துவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. பாட்டி கென்ஜியோடு இரவில் உட்கார்ந்து ஆடியதும் இந்த ஆட்டம்தான், நத்ஸுகி லவ் மெஷினோடு ஆடுவதும் இதுதான். அவள் "கோய்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், நிறுத்தியிருக்கலாமே, ஏன் நிறுத்தவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் படத்தை நிறுத்திவிட்டு அதைப் பேசினோம்.